எல்லாவற்றுக்கும் கத்துகிற மெஷின்

ரோலண்ட் ஹாலம் என் அக்கா மேவிஸின் கணவர். எங்கள் ஊர் ஆல்டர்பியில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். குடி கிடையாது, சூது கிடையாது, யார் வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டாலும் முதல் ஆளாகக் கம்போடு போய் நிற்பார். எல்லாம் சரி. ஆனால் பதினோரு வருஷம் நான் அந்த மனுஷனுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. கிறிஸ்துமஸ் விருந்தில் உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்வதோடு சரி. ஒரு மோதிரத்தால் வந்த வினை. மோதிரம் தொலைந்ததைக்கூட விட்டுவிடலாம். அது எங்கே விழுந்தது என்று என் அக்கா சொன்னாள், அவர் நம்பவில்லை. அவளைப் பொய்க்காரி ஆக்கினார். அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

சர்க்கரை ஆலையின் எடைமேடையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர் அவர். சர்க்கரை எடுக்கிற பீட்கிழங்கு வெட்டும் காலத்தில் லாரிகள் ஆலை வாசலிலிருந்து பெரிய சாலை வரை நிற்கும். லாரி மேடையில் ஏறும், முள் நகரும், ரோலண்ட் எண்ணைச் சொல்வார். “யோவ், இன்னும் அரை டன் இருக்கணுமே” என்று விவசாயிகள் சண்டைக்கு வருவார்கள். இவர் குரலை உயர்த்தவே மாட்டார். “மெஷின் பொய் சொல்லாதுப்பா” என்பார். அவ்வளவுதான். அந்த ஒரே பேச்சை வைத்துக்கொண்டு முப்பத்தொரு வருஷம் ஓட்டிவிட்டார். அதை வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மெட்டல் டிடெக்டர். எங்கள் பக்கத்து ஆண்களுக்கு இது ஒரு நோய். அறுவடை முடிந்த வயலில், வயல்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டி, கம்பின் முனையில் இருக்கிற தட்டைத் தரையோடு இப்படியும் அப்படியும் ஆட்டியபடி நாள் முழுக்க நடப்பார்கள். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் மெஷின் கத்தும்; நூறு தடவை கத்தினால் தொண்ணூறு தடவை துருப்பிடித்த ஆணி. ரோலண்டுக்கு மட்டும் ஏதோ யோகம். ஆயிரத்து முந்நூறு வருஷத்துப் பழைய ஊசிப்பதக்கம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, கீழே அவர் பெயரோடு. அதற்கப்புறம் டிடெக்டர்காரர்கள் சங்கத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

பெரும்பாலும் அவர் போவது கிரேம் என்கிற விவசாயியின் பன்னிரண்டு ஏக்கர் வயலுக்கு. அங்கே ஒரு காலத்தில் வருஷா வருஷம் நீராவி வண்டித் திருவிழா நடக்கும். வந்த கூட்டமெல்லாம் பியர் குடித்து, டின்னைத் திறக்கிற அலுமினிய வளையத்தைப் பிய்த்துப் பிய்த்து அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறது. மண்ணில் எங்கே தட்டை வைத்தாலும் டின் வளையம். அவர் மெஷினில் ஒரு திருகு உண்டு. திருப்பி வைத்தால் குப்பை உலோகத்துக்கு அது வாயைத் திறக்காது. ரோலண்ட் ஒரு டின் வளையத்தைத் தரையில் போட்டு, அதற்கு மெஷின் ஊமையாகிற இடம் வரை திருகைத் திருப்பி, அது தவறிக்கூட நகரக் கூடாதென்று மேலே கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டார். ஒன்பது வருஷம் அந்த டேப்பை அவர் பிரிக்கவில்லை.

இனி மோதிரம். 2012, அக்டோபர் மாதம், அவர்களுடைய நாற்பத்திநாலாவது கல்யாண நாள். அது ஞாயிற்றுக்கிழமையில் வந்து தொலைந்தது. காலையில் இவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அக்காவுக்கு வந்ததே கோபம். “இன்னிக்குமா? அந்த மண்ணையே கட்டிக்க வேண்டியதுதானே!” என்று கத்தியிருக்கிறாள். அவர் பாட்டுக்குப் போய்விட்டார். மத்தியானம் அவளுக்கே மனசு கேட்கவில்லை. பிளாஸ்கில் தேநீரும், பிளம் ரொட்டி இரண்டு துண்டும், நடுவில் பாலாடைக்கட்டியும் வைத்து எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்தாள். அந்தக் கோடையில்தான் தொண்டையில் அறுவை செய்துகொண்டு பாதி ஆளாக இளைத்திருந்தாள். புதர்வேலியோரம், வாசலிலிருந்து மூன்றாவது ஆஷ் மரத்தடியில், கையுறையைக் கழற்றி உதறியிருக்கிறாள். மோதிரம் எகிறிவிட்டது.

“இங்கதான் விழுந்துச்சு ரோலண்ட், என் கண்ணால பார்த்தேன்” என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டேதான் தேட ஆரம்பித்தார். முதலில் தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றித் தரையில் போட்டு மெஷினைக் காட்டினார். கத்தியது. இரண்டு மோதிரமும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே தங்கத்தில் வாங்கியவை. இதற்குக் கத்தினால் அதற்கும் கத்தும், ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்தார். இருட்டும் வரை தேடினார். மறுநாள் தேடினார். மூன்று மாதம், பனி விழுகிற வரைக்கும், அந்த வேலியோரத்தை நூல் பிடித்த மாதிரி கோடு கோடாக அலசினார். மெஷின் வாயே திறக்கவில்லை.

பொங்கிப் பொங்கி அடங்கிய சண்டை ஒரு நாள் என் எதிரிலேயே வெடித்தது. நான் அவர்கள் வீட்டுச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

“அன்னிக்கு நீ வயலுக்கு வரும்போது கையில மோதிரமே இல்ல மேவிஸ்” என்றார் அவர். “காலைல கோவத்துல வீட்லயே கழட்டி வீசிட்ட. எங்கயோ போயிடுச்சு. அதைச் சொல்ல முடியாம வயல்ல விழுந்துச்சுங்குற.”

“நான் ஏன் பொய் சொல்லணும்?”

“மெஷின் பொய் சொல்லாது.”

“அப்போ நான் சொல்வேனா?”

அவர் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அக்கா கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். நான் கத்தியை வைத்துவிட்டு, “நீ எல்லாம் ஒரு மனுஷனா?” என்று கேட்டுவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியேறினேன்.

அந்த வாரமே மெஷினை யாருக்கோ கொடுத்துவிட்டார். சங்கத்துக்கும் முழுக்கு. பத்து வருஷம் இருவரும் ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். திட்டிக்கொண்டதில்லை. பேச்சும் பெரிதாக இல்லை. அக்காவுக்கு வேறு மோதிரம் வாங்கித் தரவுமில்லை, அவள் கேட்கவுமில்லை. அப்புறம் அவளுக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் அடுப்பு, பிறகு தெருப் பெயர், பிறகு ஆட்கள். போன குளிர்காலத்தில் முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. ரோலண்ட் தினம் போனார். கண்ணில் புரை விழுந்து கார் ஓட்ட முடியாமல் போனபின் பஸ்ஸில் போனார். அக்கா அவரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைப்பாள், வேலைக்கு வந்த ஆளைப் பார்ப்பதுபோல. அவர் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. இடது கையின் வெறும் விரலை மட்டும் தேய்த்துக்கொண்டே இருப்பாள்.

இந்த ஜூலையில், மழை கொட்டுகிற நாளில் பஸ் நிறுத்தத்தில் நனைந்துகொண்டு நின்றார். எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் எழுபத்தெட்டு வயசு ஆளை அப்படியே விட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. வண்டியை நிறுத்தினேன்.

“ஏறு. சீட்ல பிளாஸ்டிக் பையை விரிச்சுட்டு உட்காரு.”

ஏறினார். கொஞ்ச தூரம் போனதும், “ஐரிஸ், என்னை லிங்கன் டவுனுக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போவியா? ஒரு டிடெக்டர் பார்க்கணும்” என்றார்.

“இப்போ எதுக்கு அந்தச் சனியன்?”

“வீட்ல கடிகாரச் சத்தம் தாங்கல.”

அப்படிச் சொன்னால் என்ன செய்வது? கூட்டிப்போனேன்.

கடைக்காரர் பெயர் நெவில். வாய் ஓயாத ஆள். சுவர் முழுக்க மெஷின்கள், கவுண்டரில் மணல் நிரப்பிய தொட்டி, அதற்குள் காசு, ஆணி, டின் வளையம் எல்லாம் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். ஒன்றில் திரை இருந்தது, எண் காட்டியது. ஒன்று தண்ணீருக்குள் மூன்று மீட்டர் போகுமாம்.

“எனக்கு நீச்சல் தெரியாது” என்றார் ரோலண்ட்.

“அப்போ இதைப் பாருங்க. அம்பது வகைச் சத்தம் போடும்.”

“என் பொண்டாட்டியோட தங்கச்சியே போடுவா” என்று என் பக்கம் கையைக் காட்டினார். பதினோரு வருஷத்துக்கப்புறம் அந்த மனுஷன் என்னைக் கிண்டல் பண்ணுகிறார்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

“முன்னாடி எதை வெச்சிருந்தீங்க?” என்று கேட்டார் நெவில். ரோலண்ட் மெஷினின் பெயரைச் சொன்னதும், “அடடே, அந்தக் கிழவனா!” என்று மேல் பரணிலிருந்து அதே மாதிரி மெஷின் ஒன்றைத் தூசி தட்டி இறக்கினார். யாரோ பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கிப் போயிருக்கிறார்கள். ரோலண்டின் முகம் மலர்ந்துவிட்டது. கையில் வாங்கி, தொட்டியிலிருந்து ஒரு டின் வளையத்தை எடுத்துப் போட்டு, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி அதை ஊமையாக்கினார்.

“ஒம்பது வருஷம் இப்படித்தான் வெச்சிருந்தேன். மேல டேப் போட்டு ஒட்டிட்டேன். ஒரு டின் வளையம்கூடத் தோண்டினதில்ல” என்றார் பெருமையாக.

நெவில் உதட்டைப் பிதுக்கினார். “டின் வளையம் போச்சு சரி, சின்னத் தங்கமும் கூடவே போயிருக்குமே.”

“போகாது. நான் சோதிச்சுப் பார்த்திருக்கேன்.” தன் மோதிரத்தைக் கழற்றித் தட்டின் முன்னால் காட்டினார். மெஷின் கத்தியது. “பார்த்தீங்களா?”

“அது ஆம்பளை மோதிரம், பட்டையா இருக்கு. ஒரே தங்கமா இருந்தாலும் கனம் குறைஞ்சா மெஷினுக்கு அது வேற பொருள். அம்மா, உங்க மோதிரத்தைக் கொஞ்சம் குடுங்க.”

என் மோதிரம் மெல்லியது. அக்கா சொல்லித்தான் அவள் வாங்கிய கடையிலேயே, அவளுடையதைப் போலவே வாங்கினேன். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷமாகியும் கழற்றியதில்லை. எச்சில் தொட்டுத் திருகிக் கழற்றிக் கொடுத்தேன். நெவில் அதை நூலில் கட்டித் தட்டின் முன்னால் ஆட்டினார்.

சத்தமில்லை.

ரோலண்ட் நூலைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். தட்டுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். உரசுகிற மாதிரி கொண்டுபோனார். சத்தமில்லை. தன் மோதிரத்தைக் காட்டினார், கத்தியது. என்னுடையதைக் காட்டினார், சத்தமில்லை. நெவில் நிலைமை புரியாமல், “எல்லாரும் பண்ற தப்புதான் சார், விடுங்க” என்றார். ரோலண்ட் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. பத்துத் தடவையாவது ஆட்டியிருப்பார். கடைசியில் நான்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“அவ மோதிரத்து மேலயே நடந்திருக்கேன்” என்றார். “மூணு மாசம் அது மேலயே நடந்திருக்கேன் ஐரிஸ்.”

வாய் நிறைய ஏச வேண்டுமென்று பதினோரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் கையிலிருந்த நூலை அவிழ்த்து என் மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டேன்.

ரோலண்ட் மூக்கைச் சிந்திக்கொண்டு, “எதையும் ஒதுக்காத மெஷின் இருக்கா?” என்று கேட்டார். “எல்லாத்துக்கும் கத்தணும்.”

“இருக்கு, ஆனா அது புதுசா கத்துக்குறவங்க வாங்குறது சார். ஒவ்வொரு ஆணிக்கும் குனிஞ்சா இந்த வயசுல முதுகு போயிடும்.”

“அதைக் குடுங்க.”

கடையிலேயே குறைந்த ரகம் அது. சிறுவர்களுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுப்பார்களாம். அருங்காட்சியகத்தில் பெயர் எழுதியிருக்கிற மனுஷன் அதை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தார். வழியில் இரண்டே தடவைதான் வாயைத் திறந்தார்.

“அவகிட்ட சொல்லணும்.”

“என்னன்னு சொல்லுவ? உன்னை யாருன்னே அவளுக்குத் தெரியல.”

“மோதிரத்தைக் கையில வெச்சா தெரியும்.”

தெரியும் என்று நானும் நம்பினேன், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் வாரத்துக்கு வாரம் அக்காவிடமிருந்து ஏதோ ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதற்குள் கிடைக்க வேண்டும்.

கிரேம் ஆகஸ்ட் கடைசியில் பார்லி அறுத்தார். அனுமதி கேட்கப் போனபோது தலையைச் சொறிந்தார். “தாராளமா தேடு ரோலண்ட். ஆனா அக்டோபர் ஒண்ணாம் தேதி வயலை சோலார் கம்பெனிக்குக் குடுக்கறேன். கம்பம் நட வந்துடுவாங்க. அப்புறம் நானே உள்ள போக முடியாது” என்றார். அடுத்த இடியையும் அவரே போட்டார். “அந்த ஆஷ் மரங்களா? நோய் வந்து மொத்தத்தையும் வெட்டி, வேரோட பேர்த்தாச்சே.” மூன்றாவது மரம் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. வேலியோரம் முழுவதும் தேட வேண்டியதுதான்.

செப்டம்பர் முழுக்க அதுதான் வேலை. காலை எட்டு மணிக்கு அவரை வயலில் இறக்குவேன். இறக்கிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் முதல் நாள் நினைத்தேன். அவர் முட்டி போட்டு எழுகிற அழகைப் பார்த்தபின் போக முடியவில்லை. பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். அந்த மெஷின் நின்ற இடத்தில் கத்தியது, நடந்த இடத்தில் கத்தியது. ஒவ்வொரு தடவையும் அவர் மண்டியிட்டு, அரிதாளை விலக்கி, மண்ணை ஒரு கட்டியாகத் தூக்கி, உள்ளே விரலை விட்டுத் துழாவுவார். டின் வளையம். பக்கெட்டில் போடுவார், மண்கட்டியைத் திரும்ப வைத்துக் காலால் மிதிப்பார், இரண்டடி நகர்வார். மறுபடி டின் வளையம்.

நாலாம் நாள் மழையில் நனைந்துகொண்டு நிற்கும்போது என்னால் அடக்க முடியவில்லை.

“அன்னிக்கே அந்த டேப்பைப் பிரிச்சிருந்தா என்ன? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பிரிச்சுப் பார்த்திருந்தா?”

“தோணல.”

“ஏன் தோணல? அவ சொன்னா நிஜமா இருக்கும்னு ஏன் உனக்குத் தோணல?”

மண்டியிட்டபடியே அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மழைத்தண்ணீர் மூக்கு வழியாக வடிந்தது. “மெஷினை சந்தேகப்பட்டா நான் இத்தனை வருஷம் சொன்ன எடையெல்லாம் தப்பாயிருமோன்னு இருந்துச்சோ என்னவோ. தெரியல ஐரிஸ். அவளை சந்தேகப்படறது சுலபமா இருந்துச்சு” என்றார்.

நான் பக்கெட்டைப் போட்டுவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். அரை மணி கழித்துத் திரும்பிப் போனபோது அவர் இன்னும் தோண்டிக்கொண்டுதான் இருந்தார்.

இருபத்திரண்டாம் நாள் மத்தியானம் கிடைத்தது. எனக்குப் பசி. பிளம் ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வழக்கமான கத்தல்தான், வழக்கம்போல் மண்டியிட்டார். எழவில்லை. நெஞ்சுவலியோ என்று பதறிப்போய் ஓடினேன். உள்ளங்கையில் சேற்றுக்குள் ஒரு மஞ்சள் கோடு. கலப்பை பட்டு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. பிளாஸ்க் தேநீரை ஊற்றிக் கழுவினேன். உள்பக்கம் அவர்கள் இருவரின் முதல் எழுத்தும், 1968 என்ற வருஷமும்.

சங்கத்து ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, நல்ல பொருள் கிடைத்தால் குழியைச் சுற்றி ஒரு குதி குதிப்பார்கள். ஊசிப்பதக்கம் கிடைத்த அன்று ரோலண்ட் போட்ட ஆட்டத்தை ஊரே பார்த்துச் சிரித்தது. அன்று அவர் மோதிரத்தைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். பிறகு குழியை மூடி, மண்கட்டியைச் சரியாகப் பொருத்தி, காலால் மிதித்தார். அப்புறம்தான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். நான்தான், அந்த மனுஷனின் முதுகை.

வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றி, கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்தார். நாலு மணிக்கு முதியோர் இல்லத்தில் இருந்தோம். அக்கா ஜன்னலோர நாற்காலியில், மடியில் பிஸ்கட் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். நல்ல நாளாக இருக்க வேண்டும், என்னைப் பார்த்ததும் “ஐரிஸ், தலையை வாரக்கூடாதா?” என்றாள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ரோலண்ட் அவள் முன்னால் குனிந்து உள்ளங்கையை விரித்தார்.

“மேவிஸ், இதைப் பாரு.”

அவள் எடுத்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அழகா இருக்கு. பாவம், நசுங்கிப் போச்சே. யாரோடதுங்க?”

“உன்னோடது. வயல்ல கிடைச்சுது. நீ சொன்ன இடத்துலதான். நீ சொன்னதுதான் நிஜம் மேவிஸ்.”

அக்கா சிரித்தாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னாள். “என்னோடது வயல்ல இல்லீங்க. என் வீட்டுக்காரர் மூணு மாசம் தேடினார். அவர் மாதிரி தேடறவங்க இந்தப் பக்கத்துலயே கிடையாது, தெரியுமா? அங்க இருந்திருந்தா அவருக்குக் கிடைச்சிருக்கும்.”

“அவனோட மெஷின்தான் தப்பு. அவன் வெச்ச விதம் தப்பு” என்று தன்னையே யாரோபோலச் சொன்னார் ரோலண்ட்.

“ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. அவர் மெஷின் பொய் சொல்லாது.” குரலைத் தாழ்த்தினாள். “நான்தான் சொன்னேன். கோவத்துல வீட்லயே எங்கயோ கழட்டிப் போட்டுட்டு, வயல்ல விழுந்துச்சுன்னு பொய் சொல்லிட்டேன். நல்ல மனுஷனை அந்தக் குளிர்ல அலைய விட்டுட்டேன்.”

என்னால் தாங்க முடியவில்லை. “நீ பொய் சொல்லல! எனக்குத் தெரியும், நீ பொய்யே சொல்லல!” என்று கத்திவிட்டேன்.

அக்கா பயந்துபோய் என்னைப் பார்த்தாள். “சொன்னேன் ஐரிஸ். ரோலண்டே சொன்னாரே” என்றாள்.

பத்து வருஷம் அந்த வீட்டில் பேசாமல் இருந்தபோது அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் சொன்னதைக் கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். மூன்றாவது மரம் போய்விட்டது, கையுறை போய்விட்டது, மோதிரம் எகிறியதைப் பார்த்த கண் போய்விட்டது. அவர் சொன்ன ஒன்று மட்டும் போகவில்லை.

அவள் மோதிரத்தை ரோலண்டின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். “யாரோ ஒருத்தி இதைத் தேடிக்கிட்டு இருப்பா. வீட்ல அவளை நம்பினாங்களோ இல்லையோ. நீங்க கடைல ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்க. ஒட்டுவீங்களா?”

“ஒட்டறேன்” என்றார் ரோலண்ட்.

“மறந்துடாதீங்க.”

“மறக்க மாட்டேன்.”

வெளியே வந்ததும் அவரை வீட்டில் விட்டேன். சும்மா அவள் மனசுக்காகச் சொன்னார் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து முட்டை வாங்க ஊர்க் கடைக்குப் போனேன். ஜன்னல் கண்ணாடியில், யாரோ விற்கிற கட்டிலுக்கும் காணாமல் போன பூனைக்கும் நடுவில் ஒரு புது அட்டை. எடைச் சீட்டு எழுதுகிற அதே நேரான கையெழுத்து.

“கிடைத்தது: பெண்கள் அணியும் மெல்லிய தங்க மோதிரம். இடம்: கிரேம் வயல், ஆஷ் மரங்கள் இருந்த வரிசை. தொலைத்தவர் அங்கேதான் விழுந்தது என்று சொன்னார். அவர் சொன்னது உண்மை. தப்பு தேடியவனுடையது. ரோலண்ட் ஹாலம்.”

கடைக்காரப் பெண், “இதை எத்தனை வாரத்துக்கு ஒட்டி வெக்கணும்னே அவர் சொல்லல” என்றாள். இருக்கட்டும் என்றேன். முட்டையை மறந்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது நான்தான் அவரைத் தினம் கூட்டிப்போகிறேன். மோதிரம் அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அக்கா என்னை அநேகமாக மறந்துவிட்டாள். நேற்று என்னை மாத்திரை கொடுக்க வந்தவள் என்று நினைத்தாள். ஆனால் ரோலண்ட் உள்ளே நுழைந்ததும் முகம் மலர்கிறது. சீட்டு ஒட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்த ஆளை அவளுக்கு அடையாளம் தெரிகிறது. பக்கத்தில் உட்காரச் சொல்லி, வெறும் விரலைத் தேய்த்துக்கொண்டே கேட்கிறாள்.

“அந்தப் பொண்ணு கிடைச்சாளா?”

“இன்னும் இல்ல மேவிஸ்.”

“விட்டுடாதீங்க. பாவம், அவ.”

“விடல” என்கிறார். “தேடிக்கிட்டுதான் இருக்கேன்.”